கருப்பர் கேட்ட பஸ்

"ஒனக்கு எதுக்குடி அந்தக் கதை? அடுப்புல பால் பொங்குது, போயி அதைப் பாரு" என்று மருமகளை அதட்டினேன்.

அடுப்பில் பாலே இல்லை. அது அவளுக்கும் தெரியும். அதனால் நகராமல் நின்றாள்.

"நேத்து அம்புட்டுச் சனத்துக்கு முன்னால நாற்காலி மேல ஏறி நின்னு கத்துனீக அத்தை. எம் மகளுக்கு வெக்கமாப் போச்சாம். ஏன் கத்துனீகன்னு கேட்டாத் தப்பா?"

தப்புதான். மாமியார் நாற்காலி மேல் ஏறினால், இறங்குவதற்குக் கை கொடுப்பவள்தான் மருமகள். ஏன் ஏறினீர்கள் என்று கேட்பவள் போலீஸ்காரி. அதுவும் கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலி. நான் எப்படி இறங்கினேன் என்று அந்தக் கருப்பருக்குத்தான் தெரியும்.

என் பேத்தி காரைக்குடியில் குத்துச்சண்டை பழகுகிறாள். பாட்டுக்கு அனுப்புங்கள் என்றேன். அவள் பாடிக் கேட்டிருப்பதால் யாரும் அனுப்பவில்லை. நேற்றுப் போட்டி. எதிரில் நின்ற பெண், பேத்தி குனிந்த நேரம் பார்த்துக் கையை வளைத்துப் பின்னந்தலையில் ஒன்று வைத்தாள். நடுவர் நிறுத்தினார், எச்சரித்தார், புள்ளியைக் குறைத்தார். அங்கே எல்லாம் முறைப்படிதான் நடந்தது. முறைப்படி நடக்காதவள் நான் ஒருத்திதான். "கண்ணப் பாருங்க! பிள்ள கண்ணப் பாருங்க! பேரைக் கேளுங்க!" என்று நான் கத்திய கத்தலில் போட்டிக்கு வந்திருந்த டாக்டரம்மா டார்ச் லைட்டோடு ஓடிவந்தார். பேத்திக்கு ஒன்றும் இல்லை. என்னைத்தான் இரண்டு பையன்கள் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

"பாட்டி, ஒங்களுக்கு ரூல்ஸெல்லாம் தெரியுமா?" என்று ஒருவன் சிரித்தான்.

"பின்னந்தலையில அடிக்கக் கூடாதுங்கிறது தெரியும் அப்பு. எங்க ஊருக்கு அதைச் சொன்னதே கருப்பர்தான்" என்றேன்.

அவன் இன்னும் சிரித்தான். அதைத்தான் மருமகள் இப்போது பிடித்துக்கொண்டிருக்கிறாள். கருப்பர் எப்போது குத்துச்சண்டை பார்த்தார் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம்.

சரி, உட்கார் என்றேன். பால் பொங்கினால் பொங்கட்டும்.

எங்கள் ஊர் பள்ளத்தூரைத் தாண்டி இருக்கிறது. பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்ட சாமி இன்னும் அங்கேதான் இருக்கிறார். அம்மாவுக்குப் பிறந்த வீடும் வாக்கப்பட்ட வீடும் அந்த ஒரே ஊரில் இருந்தன. கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனால், வைத்த குழம்பு ஆறுவதற்குள் திரும்பிவிடலாம். அதனால் அம்மா அடிக்கடி கோபித்துக்கொள்வாள்.

அம்மாவின் அப்பாவை நான் ஐயா என்று கூப்பிடுவேன். கருப்பர் கோயிலின் சாமியாடி அவர்தான். திருவிழாவில் மேளம் ஒரு மாதிரியாக அடி மாறும்போது ஐயாவின் தோள் குலுங்கும், கண் மேலே செருகும். கையில் அரிவாளைக் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு அவர் ஐயா இல்லை, கருப்பர். மழை எப்போது, பிள்ளை எப்போது, காணாமல் போன மாடு எந்தத் திசையில் என்று ஊர் வரிசையில் நின்று கேட்கும். ஐயா செத்த பிறகு கருப்பர் யார் மீதும் வரவில்லை. ஊருக்கு அது பெரிய குறை. சாமி வேறு குடும்பத்தில் இறங்காது, மகன் மீதுதான் வரும் என்று பூசாரி அடித்துச் சொல்லிவிட்டார்.

அந்த மகன்தான் என் மாமன், அம்மாவுக்குத் தம்பி. பட்டாளத்தில் இருந்தார். லீவில் வரும்போதெல்லாம் அவரைக் கோயில் முன்னால் நிறுத்தி மேளம் அடிப்பார்கள். மாமன் நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கண் இமைக்காமல் நிற்பார். மேளக்காரர்களுக்குக் கை வலிக்கும். கடைசியில் பூசாரி, "பட்டாளத்துக்காரன்ல, மேலெடத்துல இருந்து ஆர்டர் வராம அசைய மாட்டான்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

எனக்கு ஒன்பது வயதானபோது, பொங்கலுக்கு வந்த மாமன் பெட்டியில் இரண்டு ஜோடி சிவப்புக் கையுறைகள் கொண்டுவந்தார். தலையணை மாதிரி வீங்கிய கையுறைகள். மாமன் பட்டாளத்தில் குத்துச்சண்டைக்காரர் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிய வந்தது. காணும் பொங்கலுக்கு எங்கள் ஊரில் உறியடி உண்டு, மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி உண்டு. இந்த வருடம் குத்துச்சண்டையும் உண்டு என்று பையன்கள் சொல்லிவிட்டார்கள்.

மாமனோடு மோத முன்வந்தவர் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி. அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். அவர் கை எங்கள் வீட்டுத் தூண் கனம் இருக்கும். சாமி நம்பிக்கை கிடையாது. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றமாட்டார். உள்ளே போனால்தானே கழற்ற வேண்டும் என்பார்.

போட்டிக்கு முதல் நாள் டீக்கடை முன்னால் மாமன் எல்லாரையும் உட்கார வைத்து விதிகளைச் சொன்னார்.

"இடுப்புக்குக் கீழ அடிக்கக் கூடாது. முதுகுல அடிக்கக் கூடாது. விழுந்தவன அடிக்கக் கூடாது. விசில் ஊதிட்டா ரெண்டு பேரும் கையை இறக்கிரணும். பின்னந்தலை, பிடரி, இந்தப் பக்கம் கை போகவே கூடாது. அங்க பட்டா ஆளு போயிரும்."

"அப்ப எங்கதான்யா அடிக்கிறது?" என்றார் டீக்கடைக்காரர். "பேசாம ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதுட்டுப் போங்க."

கடையே சிரித்தது. சித்தப்பா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அடிக்கிறதுக்கும் ரேஷன் கார்டா மச்சான்? நான் அடிச்சா அது எங்குட்டுப் போகும்னு எனக்கே தெரியாதே!" என்றார்.

"தெரியாதவன் இறங்கக் கூடாது மாப்ள" என்றார் மாமன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த ஒரு தடவை அவர் கண் சிரிக்கவில்லை.

தலையில் மாட்டும் கவசம் ஒன்று வைத்திருந்தார். தோல் உறை, காதையும் பின்னந்தலையையும் மூடும். ஒன்றுதான் இருந்தது. பழகாதவருக்குத்தான் அது வேண்டும் என்று சித்தப்பாவிடம் நீட்டினார். "நான் என்ன சீமந்தக்காரியா, பொத்திப் பொத்தி வைக்க?" என்று சித்தப்பா தள்ளிவிட்டார். அவர் போடாதபோது தான் மட்டும் போட்டுக்கொள்வது நியாயமில்லை என்று மாமனும் வைத்துவிட்டார். மறுநாள் மைதானத்துக்கு அது என் தலையில்தான் போனது. கழுத்துவரை இறங்கி, கண்ணைப் பாதி மறைத்தது. அந்த மைதானத்திலேயே பத்திரமாக இருந்த தலை, யாரும் அடிக்கப் போகாத என் தலை ஒன்றுதான்.

கருப்பர் கோயில் பொட்டலில் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டினார்கள். பக்கத்தில் கருப்பரின் மண் குதிரை, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. என் அப்பா பஸ் கண்டக்டர். விசில் அவரிடம் மட்டும்தான் இருந்ததால் அவரே நடுவர். கோயில் மேளக்காரர்களும் வந்து குதிரையின் நிழலில் உட்கார்ந்து, குத்துக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டிருந்தார்கள்.

சண்டை என்று அதைச் சொல்ல முடியாது. சித்தப்பா காற்றைத்தான் அடித்தார். அவர் கை போகும் இடத்தில் மாமன் இருக்கமாட்டார். ஒரு எட்டு இந்தப் பக்கம், ஒரு எட்டு அந்தப் பக்கம். போகிற போக்கில் மூக்கில் செல்லமாக ஒரு தட்டு. சித்தப்பா ஒரு தடவை தன் வேகத்தில் தானே சுற்றிக் கயிற்றில் விழுந்தார். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"மூட்டையின்னா நகராம நிக்கும். ஆளு நகருறாப்லல்ல, அதான்!" என்று டீக்கடைக்காரர் கத்தினார்.

"கொசு விரட்ட விசிறி வேணுமாய்யா?" என்று ஒரு பெண் குரல்.

நானும் கவசத்துக்குள் சிரித்தேன். சித்தப்பாவின் காது மடல் சிவந்துவிட்டது. ஊர் முன்னால் அவர் முகம் அப்படிக் கறுத்து நான் பார்த்ததே இல்லை.

அப்பா விசில் ஊதினார். மாமன் உடனே கையை இறக்கி, முதுகைக் காட்டித் திரும்பி, தன் மூலைக்கு நடந்தார். பட்டாளத்தில் விசில் என்றால் விசில். அப்போது சித்தப்பா இரண்டு எட்டில் போய், மூட்டையைத் தோளில் அடித்து இறக்குவதுபோல, மாமனின் பின்னந்தலையில் குத்தினார்.

கவசம் காதை மூடியிருந்ததால் எனக்குச் சத்தம் வேறு மாதிரி கேட்டது. தரையில் தேங்காய் விழுந்தது போல.

மாமன் முழங்காலில் விழுந்தார். உடனே எழுந்துவிட்டார். ஊர் கை தட்டியது. நான்கூடத் தட்டினேன். ஆனால் எழுந்தவர் நேராக நிற்கவில்லை. முன்னால் ஒரு சாய்வு, பின்னால் ஒரு சாய்வு. தோள் குலுங்கியது. கண் மேலே செருகியது.

முதலில் ஏமாந்தது மேளக்காரர்கள்தான். அவர்கள் கை தானாகவே அடியை மாற்றிவிட்டது. ஐயாவுக்கு அடிக்கும் அதே அடி.

"வந்துட்டாருய்யா!" என்று பூசாரி அலறினார். "எத்தனை வருசங் கழிச்சு! கருப்பர் மகன் மேல எறங்கிட்டாருய்யா!"

கயிற்றை அறுத்துக்கொண்டு ஊர் உள்ளே பாய்ந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ மஞ்சள் தண்ணீரைக் குடத்தோடு மாமன் தலையில் ஊற்றினார்கள். கழுத்தில் மாலை விழுந்தது. கையில் கிளவுஸ் இருந்ததால் அரிவாளைப் பிடிக்க முடியவில்லை; கக்கத்தில் சொருகினார்கள். அவர் கால் மடங்க மடங்க இரண்டு பேர் தூக்கிப் பிடித்து நிறுத்தினார்கள். சாமி விழக் கூடாதல்லவா? மேளத்தை அவர் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து அடித்தார்கள்.

முதலில் போய்க் காலில் விழுந்தது யார் என்று நினைக்கிறாய்? என் சித்தப்பா. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றாத சித்தப்பா. மாமனின் இரண்டு காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருய்யா, மன்னிச்சிரு, தெரியாமச் செஞ்சுட்டேன்யா" என்று குழந்தை மாதிரி அழுதார். ஊரே நெகிழ்ந்துவிட்டது. "பாத்தியா, நம்பாதவனையும் எப்படி விழ வச்சுட்டாரு" என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கும் அது பெரிய அதிசயமாகத்தான் இருந்தது. அவர் சாமியிடம்தான் பேசுகிறார் என்று நினைத்தேன்.

பூசாரி திருநீற்றை அள்ளி நெற்றியில் அப்பி, "வாக்குக் குடு சாமி!" என்றார்.

மாமன் வாயைத் திறந்தார். "பஸ் வந்திருச்சா?"

மறுநாள் காலையில் அவருக்கு லீவு முடிகிறது. காலை பஸ்ஸைப் பிடித்துக் காரைக்குடி போய் ரயில் ஏற வேண்டும். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் சாமியின் வாயில் வந்துவிட்டால் அது லீவாக இருக்குமா?

"எம் மகன் சிங்கப்பூருக்குப் போயி லெட்டரே போடல சாமி" என்று ஒரு கிழவி அழுதாள்.

"பஸ் வந்திருச்சா?"

"கெளம்பிட்டானாம்! வந்துக்கிட்டிருக்கானாம்!" என்று பூசாரி சொல்ல, கிழவி அங்கேயே சுருண்டு விழுந்து கும்பிட்டாள்.

"பொண்ணுக்கு எடம் தகையலையே சாமி!"

"பஸ் வந்திருச்சா?"

"அசலூரு மாப்பிள்ளையாம்!"

ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பஸ் வந்தது. கிணறு எங்கே தோண்டுவது என்று கேட்டவருக்குப் பஸ் போகும் ரோட்டோரமாகத் தோண்டச் சொல்லிப் பூசாரி உத்தரவு வாங்கிக் கொடுத்தார். நானும் கூட்டத்துக்குள் புகுந்து மாமன் முன்னால் போய் நின்றேன். எனக்கு ஒரு கொலுசு தொலைந்திருந்தது. சாமியிடம் கேட்க ஆசை.

"மாமா, எங் கொலுசு எங்க கெடக்கு?"

மாமன் என்னைப் பார்த்தார். காலையில் என்னைக் கழுத்தில் உட்கார வைத்து ஊரைச் சுற்றி வந்தவர். என்னைப் பார்த்தார், ஆனால் நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஜன்னல் வழியாகப் பஸ்ஸுக்குள் தேடுவது போல என் முகத்துக்குள் யாரையோ தேடினார்.

"பஸ் வந்திருச்சா பாப்பா?" என்றார். பிறகு என் மீதே வாந்தி எடுத்தார்.

"படையல ஏத்துக்கலையே! சாமிக்கு என்ன கொறைய வச்சோம்?" என்று பூசாரி பதறினார். சாமி வந்தால் சாமிக்கு என்னை இன்னும் நன்றாகத்தானே தெரிய வேண்டும்?

அப்போதுதான் அம்மா வந்தாள். கோலப் போட்டியில் இருந்தவள், விரலில் கோலமாவோடு கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள். தம்பிக்குச் சாமி வந்துவிட்டது என்று வழியில் யாரோ சொல்லி, சந்தோஷமாகத்தான் வந்தாள். கும்பிடக் கையைத் தூக்கியவள், மாமன் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். தூக்கிய கையால் அவர் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கண் நடுவில் இருக்கும் கறுப்பு ஒன்று சின்னதாகவும் ஒன்று பெரிதாகவும் இருந்தது.

"மேளத்த நிப்பாட்டுங்க!"

யாரும் நிறுத்தவில்லை. அம்மா போய் மேளத்தின் மீது கையை வைத்து அழுத்தினாள். கோலமாவு பட்டு அவள் விரல்கள் தோலில் பதிந்தன. சத்தம் நின்றது.

"டேய், நான் யாருடா?"

"பஸ் வந்திருச்சா?"

"என்னத்தா இது, சாமி வாக்குல குறுக்க வர்ற?" என்று பூசாரி அதட்டினார். "கண்ணவிஞ்சு போயிரும்!"

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு நிழலில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற மண் குதிரையைப் பார்த்தாள்.

"அந்தா நிக்கிது அவரு குதிரை. ஒங்கப்பன் பாட்டன் காலத்துல இருந்து நிக்கிது. குதிரையில வர்ற சாமிக்கு எதுக்குய்யா பஸ்சு?"

இன்றைக்குச் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும், எனக்கும் வரும். அன்றைக்கு அந்தப் பொட்டலில் ஒரு சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. ஒரு பொம்பளை, கருப்பரை, கருப்பர் வாசலில் வைத்துக் கேள்வி கேட்டுவிட்டாள். இப்போது வானம் இடியும் என்று நான் கவசத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

வானம் இடியவில்லை. சித்தப்பாதான் எழுந்தார். மாமனைத் தூக்கப் போனார்.

"தோள்ல போடாதீக! கட்டில எடுத்துட்டு வாங்க, படுக்க வச்சுத் தூக்குங்க" என்றாள் அம்மா. அவள் சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

கயிற்றுக் கட்டிலோடு மாமனை மில் வேனில் ஏற்றினார்கள். அம்மா அவர் தலையை இரண்டு பக்கமும் கையால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பாவும் சித்தப்பாவும் ஏறினார்கள். வாந்தி நாற்றத்தோடு நானும் ஏறினேன். இறக்கிவிட யாருக்கும் நேரமில்லை. காரைக்குடி வரும்வரை மாமன் வேறு எதுவும் பேசவில்லை. "பஸ் வந்திருச்சா?" என்று கேட்பார். அம்மா, "இதுதான்டா பஸ்சு. ஏறிட்ட. கண்ண மூடாத" என்பாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பார். மறுபடி சொல்வாள். குன்றக்குடி முருகனுக்கும் அவள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். கருப்பரை மட்டும் கூப்பிடவில்லை.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா மாமன் கண்ணில் டார்ச் அடித்தார். மாலையையும் திருநீற்றையும் மஞ்சள் தண்ணீரையும் பார்த்தார். கக்கத்திலிருந்த அரிவாளை எப்போதோ எடுத்துவிட்டிருந்தார்கள், நல்ல வேளை.

"எப்படி அடிபட்டுச்சு?"

"கால் தடுக்கி விழுந்துட்டாப்ல டாக்டர்" என்றார் அப்பா. தம்பியைக் காப்பாற்ற அவருக்கு அதுதான் தெரிந்தது.

"விழுந்தவர் கையில எதுக்குக் கிளவுஸ்?" அவர் என் தலையைப் பார்த்தார். "பாப்பா தலையில என்னது?" பிறகு குரலை இறக்கி, "இங்க பாருங்க. எங்க அடி, எவ்வளவு வேகம், அடிபட்டு எவ்வளவு நேரமாச்சு? இதைச் சரியாச் சொன்னாத்தான் நான் ஏதாவது செய்ய முடியும். பொய் சொன்னா இவருக்குத்தான் நஷ்டம்" என்றார்.

அம்மா சுவரைப் பார்த்தாள்.

சித்தப்பா முன்னால் வந்தார். அந்தத் தூண் மாதிரி கையை மடக்கித் தன் பிடரிக்கு மேலே வைத்துக் காட்டினார். "இந்த எடம். நான்தான் குத்துனேன். விசில் ஊதுன பெறகு. திரும்பி நடந்தாப்ல, அப்பக் குத்துனேன். வேகம்னா..." மடக்கிய கையை இறக்கிப் பார்த்தார். "முழு வேகம் டாக்டர்."

அம்மா அப்போதுதான் முதல் தடவையாக அவரைத் திரும்பிப் பார்த்தாள். வைவாள் என்று நினைத்தேன். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று டாக்டரம்மா உடனே மதுரைக்கு அனுப்பினார். "அடிபட்டதும் எழுந்து நின்னுட்டாருன்னு கை தட்டியிருப்பீங்க. நல்லாத் தூங்கட்டும்னு வீட்டுல போட்டிருந்தீங்கன்னா காலையில எழுந்திருக்கவே மாட்டார்" என்றார். மதுரையில் மாமனின் மண்டையைத் திறந்து மூடினார்கள். ஆள் பிழைத்தார். ஆனால் பட்டாளம் அதற்குப் பிறகு அவரை வைத்துக்கொள்ளவில்லை. வாசனையும் போய்விட்டது. சாகும்வரை கருவாடும் மல்லிகைப்பூவும் அவருக்கு ஒன்றுதான். அன்று நடந்த எதுவும் அவருக்கு ஞாபகம் வரவே இல்லை. "நான்தான் ஜெயிச்சேனா மாப்ள?" என்று சித்தப்பாவிடம் கேட்பார். சித்தப்பா, "நீதான் மச்சான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல.

மாமன் மதுரையில் இருந்தபோது, மாற்றுத்துணி எடுக்க அம்மா ஒரு நாள் ஊருக்கு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தெருவில் அவள் பார்த்தது என்ன தெரியுமா? பையன்கள் புது விளையாட்டு விளையாடினார்கள். ஒருவன் விசில் ஊதுவான். ஒருவன் முதுகைக் காட்டித் திரும்புவான். இன்னொருவன் ஓடிவந்து பின்னந்தலையில் ஓங்கிக் குத்துவான். குத்து வாங்கியவன் கண்ணைச் செருகிக்கொண்டு ஆடுவான். மற்றவர்கள் தகர டப்பாவைத் தட்டி, "வாக்குக் குடு சாமி!" என்பார்கள். என் தம்பிதான் அப்போது சாமி. நிஜமாகவே கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றான்.

அம்மா அவர்களை அடிக்கவில்லை. தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்து, அவன் கண்ணைப் பார்த்து, பேரைக் கேட்டாள். அவன் சொன்னான். அவள் வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். மாமன் எப்படி இருக்கிறார் என்று கேட்க வந்தவர்கள் பாதி. சாமியை எதிர்த்தவளுக்குக் கண் அவிந்துவிட்டதா என்று பார்க்க வந்தவர்கள் மீதி.

"என்ன இருந்தாலும் நீ அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுத்தா" என்றாள் கிணற்றடி வீட்டுக்காரி.

"கூடாதுதான்" என்றாள் அம்மா. "அது சாமிதான். நான்தான் வெளங்காமப் பேசிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வேன்ல போறப்ப அது எங்கிட்டப் பேசுச்சு" என்றாள் அம்மா. பெண்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள். "'ஆளுக்கு முன்னால ரெண்டு கண்ணு வச்சிருக்கு. அடிக்கிறவன் எதுக்க வந்து அடிக்கட்டும். பின்னால கண்ணு இல்ல. அங்க காவலுக்கு நான் இருக்கேன். பின்னந்தலையில கை வைக்கிறவன் எம்மேல கை வைக்கிறான்'னுச்சு."

ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி, மடியில் இருந்த தன் மகனின் பிடரியைத் தடவிவிட்டாள்.

"வேற என்னத்தா சொல்லுச்சு?"

"'தலையில அடிபட்டவன நிக்க வச்சு மேளம் அடிக்காதீக. வாந்தி எடுத்தா, கேட்டதையே திருப்பிக் கேட்டா, ஆளு அடையாளம் தெரியலைன்னா, வாக்குக் கேக்காம ஒடனே காரைக்குடிக்குத் தூக்கிட்டுப் போங்க'ன்னுச்சு."

"காரைக்குடின்னு பேர் சொல்லியா சொல்லுச்சு?"

"பேர் சொல்லித்தான் சொல்லுச்சு."

எனக்குத் தாங்கவில்லை. நானும்தானே அந்த வேனில் இருந்தேன். "இல்ல, மாமா பஸ்சுதான்..." என்று ஆரம்பித்தேன். அம்மாவின் கை என் பாவாடைக்கு அடியில் வந்து தொடையில் ஒரு கிள்ளு கிள்ளியது. உயிர் போய்விட்டது. முகத்தில் ஒன்றுமே காட்டாமல், எல்லாரையும் பார்த்துக்கொண்டே கிள்ளினாள். எதிரே வேப்பமரத்தடியில் நின்றிருந்த சித்தப்பா, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அங்கிருந்து போனார்.

அன்று சாயங்காலம் நான் தனியாகக் கருப்பர் பொட்டலுக்குப் போனேன். ஊர் முன்னால் உண்மையைச் சொன்ன அம்மா, நாலு பொம்பளைகளுக்குப் பயந்து பொய் சொல்லிவிட்டாள் என்று எனக்கு ஒரே அவமானம். மண் குதிரையின் காதில், "எங்க அம்மா பொய் சொல்லிட்டா, கண்ண எடுத்துறாதீக" என்று கெஞ்சினேன். குதிரை பல்லைக் காட்டியது. எங்கள் ஊரில் அதற்குப் பிறகு எத்தனையோ அடிதடி நடந்திருக்கிறது. மண்வெட்டி எடுத்தவன்கூட எதிரே வந்துதான் நின்றான். எங்கள் பள்ளிக்கூட வாத்தியார்கூடப் பிடரியில் அடிக்கப் பயந்து முழங்கையில் அடித்தார். அதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தொடை வலித்தது, அவ்வளவுதான்.

அதற்கு முன்பு, அந்தப் பெண்கள் எழுந்து கிளம்பியபோது, அம்மா படியில் உட்கார்ந்தபடியே கடைசியாக ஒன்று சொன்னாள்:

"போயி ஒங்க ஒங்க வீட்டு ஆம்பளைகள்ட்டயும் பிள்ளைகள்ட்டயும் சொல்லுங்க. கருப்பர் இந்தத் தடவை பஸ்சுதான் கேட்டாரு. அடுத்த தடவை ஆளக் கேப்பாராம்."